வக்கியூம் ஊசி 13 இல் நிற்கிறது, எஞ்சினை இறக்கலாமா?

கேள்வி: அண்ணை, எங்களிடம் அப்பா வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. 1098 சிசி எஞ்சின். பெற்றோல் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் கொட்டிலில் நின்றது. போன வருடம் பெற்றோல் ராங்கைத் துப்புரவாக்கி, காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, மனிபோல்ட் கஸ்கெற்றும் மாற்றி ஓட வைத்தோம். ஸ்ரார்ட் ஆகிறது, ஐட்லிங்கும் நிற்கிறது, ஆனால் இழுவை இல்லை. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும்போது சோளகம் எதிர்த்து வீசினால் நாலாவது கியரில் போகவே மாட்டேன் என்கிறது. சூடும் கூட. நண்பர் ஒருவர் வக்கியூம் கேஜ் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தார். ஊசி 13 அங்குலத்தில் அசையாமல் நின்றது. கராஜில் காட்டினால், “பிஸ்ரன் றிங் போயிட்டுது, எஞ்சினை இறக்கிப் போர் அடிக்க வேணும்” என்கிறார்கள். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இறக்கட்டுமா?
— ஒரு வாசகர், கோப்பாய்

பதில்: தம்பி, இப்போதைக்கு இறக்க வேண்டாம். ஊசி அசையாமல் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். 13 என்ற எண்ணைவிட அந்தச் செய்திதான் எனக்குக் கூடுதலாக உதவுகிறது. எஞ்சினைத் திறக்காமலே பார்க்கக்கூடியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றைச் செலவில்லாததில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். போர் அடிப்பது, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது, அந்த வரிசையில் கடைசி.

அந்தக் கேஜ் எதை அளக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐட்லிங்கில் காபரேற்றரின் த்ரொட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். அந்த நேரத்தில் பிஸ்ரன்கள் கீழே இறங்கிக் காற்றை இழுக்க, மனிபோல்ட்டுக்குள் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாகிறது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், தட்டுக் கொஞ்சமாகத் திறந்திருந்தாலே தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். வக்கியூம் உயரமாக நிற்கும். பலம் குறைந்த எஞ்சின் நின்றுபோகாமல் இருக்கத் தட்டைக் கூடத் திறக்க வேண்டியிருக்கும், வக்கியூம் இறங்கும். ஆகவே ஊசி தாழ்ந்து நின்றால் எஞ்சின் எங்கோ பலம் இழந்திருக்கிறது, அல்லது தட்டுக்குக் கீழே எங்கோ கள்ளக்காற்று புகுகிறது.

கடல் மட்டத்தில் ஒரு சுகமான எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை காட்டும். 1000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். உங்கள் கார் நுவரெலியாவில் நின்று 13 காட்டியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சலுகை கிடையாது. இங்கே 13 என்றால் குறைவுதான்.

சரி, அசையாத ஊசிக்கு வருவோம். நாலு சிலிண்டரில் ஒன்றின் வால்வு கருகியிருந்தால், அந்தச் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் ஊசி டக் டக்கென்று ஒரே தாளத்தில் கீழே விழும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டுக்கு நடுவே ஹெட் கஸ்கெற் போயிருந்தால் ஊசி பெரிதாக ஆடும். வால்வு கைட் தேய்ந்திருந்தால் ஐட்லிங்கில் நடுங்கி, வேகம் கூட்டினால் அடங்கும். உங்களுடையது இதில் ஒன்றுமே செய்யவில்லை. நாலு சிலிண்டரும் ஒரே அளவில் பலவீனமாக இருக்கின்றன. நாலையும் ஒன்றாகப் பாதிக்கக்கூடியவை சில விடயங்கள்தான்: இக்னிஷன் ரைமிங் (நெருப்புப் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருப்பது, காற்றுக் கசிவு, ரைமிங் செயின் தளர்ந்திருப்பது, சைலன்சர் அடைப்பு, நாலிலும் றிங் ஒரே மாதிரித் தேய்ந்திருப்பது. கராஜ்காரர் இதில் கடைசியை முதலில் பிடித்திருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு போகும். அப்படி ஓடிய எஞ்சினில் றிங் தேய்வது உண்மை. ஆனால் அதை ஊகித்துச் சொல்லக்கூடாது, அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளப்பதற்கு முன் கேஜை எங்கே பூட்டினீர்கள் என்று பாருங்கள். டிஸ்ரிபியூற்றருக்கு (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுவது) போகும் மெல்லிய குழாயைக் கழற்றி அதில் பூட்டியிருந்தால் அந்த அளவு செல்லாது. அந்தக் குழாய் த்ரொட்டில் தட்டின் விளிம்பில்தான் திறக்கிறது. ஐட்லிங்கில் அங்கே வக்கியூம் சரியாக வராது. மனிபோல்ட்டிலேயே எடுக்க வேண்டும். உங்கள் மனிபோல்ட்டில் அதற்குத் துளை இல்லாவிட்டால், அதைக் கழற்றியெடுத்துத் துளைத்து, மரை வெட்டி ஒரு நிப்பிள் போடலாம். பூட்டிய நிலையில் துளைக்க விடாதீர்கள், உலோகத்தூள் உள்ளே போகும். அடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சோக் முழுதாக உள்ளே இருக்க, ஐட்லிங்கைச் சாதாரண வேகத்துக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். நின்றுபோகிறது என்று யாராவது ஐட்லிங் ஸ்குரூவைக் கூட்டி வைத்திருந்தால் அதனாலேயே ஊசி இறங்கியிருக்கும். இதைப் பார்க்காமல் கேஜைக் குறை சொல்பவர்களும் உண்டு, எஞ்சினைக் குறை சொல்பவர்களும் உண்டு.

இனி ரைமிங். உங்கள் காருக்கு என் முதல் சந்தேகம் இதில்தான். சிறு போத்தல் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்ல நினைவிருக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் (தட்டாமல் எரியும் தன்மை) மிகக் குறைவு. பெற்றோலுக்கு வைத்த ரைமிங்கில் அதை எரித்தால் எஞ்சின் உள்ளே சம்மட்டி அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும், பிஸ்ரனும் பழுதாகும். அதனால் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி, நெருப்புப் பொறி தாமதமாக விழும்படி வைப்பார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான வேலை. பெற்றோல் வந்த பிறகு அதை யாராவது பழைய இடத்துக்குத் திருப்பினார்களா? கடிதத்தில் காபரேற்றர் வேலை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், டிஸ்ரிபியூற்றரைத் தொட்டதாக எங்கும் இல்லை. பொறி தாமதமாக விழுந்தால் பெற்றோல் எரிந்து முடியுமுன் எக்ஸோஸ்ற் வால்வு திறந்துவிடும். பிஸ்ரனைத் தள்ள வேண்டிய வெப்பம் தண்ணீர்ச் சட்டைக்குள்ளும் புகைக்குழாய்க்குள்ளும் போகும். இழுவை இல்லை, சூடு கூட, வக்கியூம் குறைவு, ஆனால் ஊசி அமைதி: நீங்கள் எழுதிய அத்தனையும் இதற்குப் பொருந்துகிறது.

பார்ப்பது கஷ்டமில்லை. முதலில் டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற்றின் இடைவெளியைச் சரி செய்யுங்கள், அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 வரை, அதாவது 0.36 முதல் 0.41 மில்லிமீற்றர். பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், சுருங்கினால் ரைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். ஆகவே இதைச் செய்யாமல் ரைமிங் வைப்பதில் பயனில்லை. பிறகு ஒரு சிறிய 12 வோல்ட் பல்ப்பில் இரண்டு வயர் பிடித்து, ஒன்றை டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் உள்ள மெல்லிய வயர் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் கொழுவுங்கள். இக்னிஷனைப் போட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஸ்ரார்ட்டிங் ஹான்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். பொயின்ற் திறக்கிற அந்தக் கணத்தில் பல்ப் பற்றும். அப்போது குனிந்து, முன் புல்லியில் உள்ள வெட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரைமிங் செயின் மூடியின் அடிப்பக்கத்தில் மூன்று கூர் இருக்கும். நீளமானது முதலாம் பிஸ்ரன் உச்சியில் நிற்கும் இடம். மற்ற இரண்டும் அதற்கு 5 பாகையும் 10 பாகையும் முந்தியவை. புழுதியும் கிறீஸும் படிந்து கூர்கள் தெரியாது, துணியால் துடைத்து வெட்டில் வெள்ளைப் பெயின்ற் ஒரு சொட்டு வையுங்கள். உயர் அமுக்க எஞ்சினுக்கு வெட்டு நீளக் கூருக்கும் 5 பாகைக் கூருக்கும் நடுவில் நிற்கும்போது பல்ப் பற்ற வேண்டும். உங்களுடையதில் வெட்டு நீளக் கூரையும் தாண்டிப் போன பிறகே பல்ப் பற்றினால், மண்ணெண்ணெய்க்கால ரைமிங் இன்னும் அப்படியே இருக்கிறது.

திருத்துவதற்கு டிஸ்ரிபியூற்றர் கிளாம்ப்பைத் தளர்த்தி, உள்ளே றோற்றர் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் டிஸ்ரிபியூற்றர் உடம்பை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு எஞ்சினை ஓட விட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டே இன்னும் மயிரளவு திருப்புங்கள். ஊசி ஏறும், ஐட்லிங்கும் கூடும். கூடிய ஐட்லிங்கை ஸ்குரூவால் குறைத்து மறுபடி பாருங்கள். ஊசி இனி ஏறவில்லை என்ற இடத்துக்கு வந்ததும், அங்கேயே விட்டுவிடாமல் ஒரு அங்குலம் இறங்கும் அளவுக்குத் திரும்பப் பின்னுக்கு எடுத்து இறுக்குங்கள். உச்சத்தில் விட்டால் பாரத்தில் தட்டும். கடைசித் தீர்ப்பு வீதியில்தான்: நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து அக்சிலேற்றரை முழுதாக அமத்துங்கள். மெல்லிய சத்தம் ஒரு கணம் கேட்டு மறைந்தால் நல்லது. தொடர்ந்து தட்டினால் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள்.

ஸ்ட்ரோப் லைற் (ரைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) வைத்துப் பார்க்கிறவர் வந்தால் ஒன்றைச் சொல்லி வையுங்கள். மொறிஸ் மைனர் கம்பனியிலிருந்து வரும்போது பற்றரியின் பொசிற்றிவ்தான் உடம்பில் பூட்டியிருக்கும். யாராவது மாற்றியிருக்காவிட்டால், சிவப்புக் கிளிப் உடம்புப் பக்கத்து முனைக்குத்தான் போக வேண்டும். இந்தக் காலத்துக் கார்களில் பழகிய கை மாற்றிக் கொழுவி லைற்றைக் கருக்கிவிடும்.

ரைமிங் சரியாகி ஊசி 18 க்குப் போனால் அதோடு விடயம் முடிந்தது. 15, 16 இல் நின்றுவிட்டால் கள்ளக்காற்றைத் தேடுங்கள். நீங்கள் மனிபோல்ட் கஸ்கெற் மாற்றியதாக எழுதியதால் இதை நான் இரண்டாவதாக வைக்கிறேன். இந்த எஞ்சினில் காற்று வரும் மனிபோல்ட்டும் புகை போகும் மனிபோல்ட்டும் ஒரே கஸ்கெற்றில் இருக்கின்றன. பெரிய தடித்த வொஷர் ஒன்று இரண்டு பக்கத்துக் காதையும் சேர்த்து அமத்துகிறது. ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் வொஷர் சரிந்து, மெல்லிய பக்கம் இறுகாது. புதுக் கஸ்கெற் போட்டும் கசியும், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். நேர் விளிம்புத் தகடு ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிளக்குகளும் சொல்லும். இந்த ஹெட்டில் 1 உம் 2 உம் ஒரே துளையால் காற்று எடுக்கும், 3 உம் 4 உம் மற்றத் துளையால். இரண்டு பிளக் வெள்ளையாகவும் மற்ற இரண்டு பழுப்பாகவும் வந்தால் வெள்ளைப் பக்கத்து மூட்டில் கசிவு. நாலுமே வெள்ளை என்றால் கசிவு காபரேற்றருக்குக் கிட்ட. காபரேற்றரின் த்ரொட்டில் அச்சை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இத்தனை வருடம் ஓடிய எஸ்.யூ. காபரேற்றரில் அந்த அச்சு ஆடாமல் இருப்பதுதான் அபூர்வம். எஞ்சின் ஓடும்போது அதை ஒரு பக்கம் அமத்திப் பிடித்தால் ஐட்லிங் மாறுகிறதா? மாறினால் லேத் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் புஷ் அடித்து, புது அச்சுப் போடச் சொல்லுங்கள்.

மூட்டுகளைச் சோதிக்கத் தடித்த எஞ்சின் ஒயிலைத் தூரிகையால் பூசுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. பூசியவுடன் ஸ்ரார்ட் பண்ணுங்கள். ஒயில் ஓட்டையை அடைத்தால் ஊசி சிறிது நேரத்துக்கு ஏறி நிற்கும், ஒயிலை உள்ளே இழுத்தால் பின்னால் நீலப்புகை வரும். பெற்றோலைப் பீச்சிப் பார்க்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கொதிக்கிற புகை மனிபோல்ட் அதற்கு நேர் கீழே இருக்கிறது, ஒரு பொறி போதும், காரும் கொட்டிலும் சேர்ந்து எரியும்.

கசிவு இருக்கும் எஞ்சினில் இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கும். காற்றுக் கூடியதால் கலவை மெலிந்து இருமும். அதைச் சரிக்கட்டக் காபரேற்றரின் அடி நட்டை யாராவது கீழே திருப்பிப் பெற்றோலைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஐட்லிங் நிற்கும், ஆனால் பெற்றோல் குடிக்கும். கசிவை அடைத்த பிறகு கலவையைத் திரும்ப வைக்க மறக்க வேண்டாம். காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றரும் வராத அளவுக்குத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் சாகப் பார்த்தால் பெற்றோல் காணாது. ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

ரப்பெற்றுகளையும் (வால்வு இடைவெளிகளையும்) இந்த இடத்தில் பார்த்துவிடுங்கள், அரை மணித்தியால வேலை. எஞ்சின் ஆறியிருக்க எல்லாவற்றுக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் 12, அதாவது 0.30 மில்லிமீற்றர். எட்டு வால்வுக்கும் ஒன்பதின் கணக்கு: 8 ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1 ஐ வைக்க வேண்டும், 6 திறந்திருக்கும்போது 3 ஐ. எப்போதும் கூட்டினால் 9 வரும்.

சைலன்சரைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கடற்காற்றில் நின்ற காரில் சைலன்சரின் உள்தகடு கறள் பிடித்து உடைந்து வழியை அடைப்பது உண்டு. எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்று அளவில் பிடித்து வைத்திருங்கள். ஊசி முதலில் ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. அப்படியே நின்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ரைமிங் செயினுக்கு டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, ஸ்ரார்ட்டிங் ஹான்டிலால் எஞ்சினை ஒரு பக்கம் கொஞ்சம் சுற்றி நிறுத்துங்கள். ஹான்டில் மறுபக்கம் பிடிக்காது, ஆகவே பிறகு நாலாவது கியரில் போட்டுக் காரை மிக மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, றோற்றர் எப்போது அசையத் தொடங்குகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புல்லி கணிசமாகத் திரும்பிய பிறகுதான் றோற்றர் அசைந்தால் செயின் நீண்டுவிட்டது. வால்வுகள் எல்லாமே பிந்தித் திறந்து பிந்தி மூடுகின்றன. இதற்கும் எஞ்சினை இறக்கத் தேவையில்லை, றேடியேற்றரைக் கழற்றினால் முன்னால் வேலை செய்ய இடம் வரும்.

றேடியேற்றர் என்றதும் ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலில் படிகிற அதே வெள்ளைப் படிவு றேடியேற்றர்க் குழாயிலும் படியும். ரைமிங்கைத் திருத்திய பிறகும் சூடு குறையாவிட்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, இனிமேல் மழைத்தண்ணீரோ வடித்த தண்ணீரோ ஊற்றுங்கள், கூடவே கூலன்ற்றும்.

இவ்வளவும் பார்த்து ஊசி இன்னும் ஏறாவிட்டால்தான் றிங் பேச்சு. அதற்கும் முதலில் கேஜிலேயே ஒரு சோதனை இருக்கிறது: அக்சிலேற்றரைச் சட்டென்று முழுதாகத் திறந்து உடனே விடுங்கள். ஊசி பூச்சியத்துக்குக் கிட்ட விழுந்து, விட்டதும் 24, 25 வரை துள்ளிப் பிறகு தன் இடத்துக்கு வந்தால் றிங் நல்லாக இருக்கிறது. 20 ஐத் தாண்டவே சோம்பினால் கொம்பிரஷன் கேஜ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். இந்த எஞ்சினில் 150 பிஎஸ்ஐக்கு மேல், சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து வீதத்துக்குக் கூட வித்தியாசம் இல்லாமல் வந்தால் போர் அடிக்கத் தேவையே இல்லை. குறைவாக வந்தால் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அளவு அப்படியே நின்றால் குறை வால்வில். ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், காரிலிருந்து எஞ்சின் இறங்கத் தேவையில்லை. முக்கியமாக 2 ஆம், 3 ஆம் சிலிண்டர்களின் எக்ஸோஸ்ற் வால்வைப் பாருங்கள். இரண்டும் நடுவில் ஒரே துளையால் புகை விடுவதால் அங்கேதான் சூடு கூட.

ஒயில் விட்டதும் நாலிலும் அளவு நன்றாக ஏறினால் கராஜ்காரர் சொன்னது சரி, றிங்தான். அப்போது இறக்குங்கள். ஆனால் போர் அடிப்பதற்கு முன் சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று அளந்து அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். தேய்வு குறைவென்றால் சுவரைச் சொரசொரப்பாக்கிப் புது றிங் போடுவதோடு நிற்கலாம். கூட என்றால் 20 ஓவர்சைஸா 40 ஓவர்சைஸா (அங்குலத்தின் ஆயிரத்தில் அவ்வளவு பெரிய பிஸ்ரன்) எது கிடைக்கிறது என்று முதலில் தேடி, பிஸ்ரன் செற் கைக்கு வந்து அதை அளந்த பிறகே புளொக்கை மெஷினில் ஏற்ற விடுங்கள்.